ஸ்டாம்ப் அக்காவும் ஆறு சுவர்த் தட்டுகளும்

ஸ்டாம்ப் அக்கா தபால் நிலையத்தில் வேலை பார்த்தவள் என்றுதான் தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் நினைப்பார்கள். தபால் நிலையத்துக்கும் அவளுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்த ஸ்டுடியோவில் இருபத்திரண்டு வருடம் பாஸ்போர்ட் சைஸ், ஸ்டாம்ப் சைஸ் போட்டோ எடுத்தவள் அவள். கல்யாண ஆல்பம், குடும்பப் படம் எல்லாம் முதலாளி கை. விண்ணப்பத்தின் மூலையில் பசை தடவி ஒட்டுகிற படம் மட்டும் இவள் கை. அந்த வட்டாரத்தில் யாருடைய அடையாள அட்டையை எடுத்துப் பார்த்தாலும் இவள் எடுத்த முகம்தான் முறைத்துக்கொண்டிருக்கும்.

அதில் அவளுக்கு ஏகப்பட்ட கர்வம். இருக்கட்டுமே, அதனால் யாருக்கு என்ன குறைந்துவிட்டது? பெரிய படத்தில் யாரை வேண்டுமானாலும் அழகாகக் காட்டிவிடலாம், நகத்தளவு படத்தில் ஒரு ஆளை அவனுடைய அம்மாவே அடையாளம் கண்டுகொள்ளும்படி காட்டுவதற்குத் தனிக் கை வேண்டும் என்பாள். முகம் சட்டத்தை நிறைக்க வேண்டும். இரண்டு காதும் தெரிய வேண்டும். பின்னணி வாயைத் திறக்கவே கூடாது. மூக்குக் கண்ணாடியில் விளக்கு பளபளத்தால், "கண்ணாடியை ஒரு நூல் இறக்குங்க, தாடை அங்கயே இருக்கட்டும்" என்பாள். பளபளப்பு ஓடிப்போகும். ஒரே சொடுக்கு, அடுத்த ஆள்.

பிறகு அலுவலகங்களே கவுன்ட்டரில் உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தன. ஸ்டுடியோ இருந்த இடத்தில் மொபைல் கவர் கடை வந்தது. முதலாளி பிரியும்போது இரண்டு குடைவிளக்கு, ஒரு வெள்ளைத் திரை, சுற்றுகிற ஸ்டூல் ஒன்று, மூன்றையும் கொடுத்து அனுப்பினார். நாற்பத்தெட்டு வயதில் அக்கா அந்த ஸ்டூலைக் கூடத்தின் நடுவில் போட்டு மூன்று நாள் சும்மா சுற்றிக்கொண்டிருந்தாள். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர் அதைப் பார்த்துவிட்டு, "மேல போகுதா, கீழ போகுதா?" என்று கேட்டார். அந்த மனிதருக்கு எல்லாவற்றிலும் லிஃப்ட்தான்.

நான்காவது நாள் மாடியிலிருந்து நாத்தனார் இறங்கி வந்தாள். கணவரின் தங்கை, வயது நாற்பத்தொன்று, வீட்டில் பெயர் வாண்டு. தலை நரைக்க ஆரம்பித்த பிறகும் அண்ணன் வைத்த பெயர் போகவில்லை. டைல்ஸ் கம்பெனியில் ஓடுகளுக்கு மெருகு பூசும் பிரிவில் பதினைந்து வருடமாக வேலை. நாள் முழுக்க ஒரே வெள்ளை, ஒரே சதுரம். அந்தக் கடுப்பில்தான் மாடி அறையில் ஒரு சின்ன மின்சூளை வாங்கி வைத்துக்கொண்டு, விடுமுறை நாட்களில் களிமண்ணில் பொத்தான் செய்தாள். சட்டைப் பொத்தான்தான். ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு நிறம் இன்னொரு நிறத்துக்குள் வழிந்து, பார்த்தால் கையில் எடுக்காமல் இருக்க முடியாது. கைவினைப் பொருட்களை விற்கும் ஒரு இணையதளத்தில் கடையும் திறந்திருந்தாள். ஒவ்வொரு நிறத்துக்கும் அந்தி, மழைமேகம், ஆழ்கடல் என்று பெயர் சூட்டியிருந்தாள். வியாபாரம்தான் ஈ ஓட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணி, நீங்களே பாருங்க, இதுல என்ன தப்பு?" என்று போனை நீட்டினாள்.

அக்கா பார்த்தாள். "இது என்ன, அரிசியில பொறுக்கின கல்லா?"

"பொத்தான் அண்ணி!"

"எங்க எடுத்தே?"

"கட்டில்ல வச்சு. டியூப் லைட்ல."

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு வாண்டு விவரம் சொன்னாள். கடைக்குள் யாராவது தேடினால் நாற்பது பொருள் கட்டம் கட்டமாக வந்து நிற்கும். ஒவ்வொன்றுக்கும் நகத்தளவு ஒரு படம், அதற்குத் தம்ப்நெயில் என்று பெயர். வாங்குகிறவர் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே போவார். படம் கண்ணை இழுத்தால் தொடுவார், இல்லாவிட்டால் போயே போய்விடுவார்.

"எவ்வளவு நேரம் பார்ப்பாங்க?"

"அரை நொடி இருக்கும்."

"அடியே, இது ஸ்டாம்ப் சைஸ்!" என்று அக்கா எழுந்தே விட்டாள். ஸ்டூல் தானாக ஒரு சுற்று சுற்றி நின்றது.

அன்றைக்கே வேலை ஆரம்பமாகிவிட்டது. வெயில் நேரே விழாத ஜன்னல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கண்ணாடியில் பட்டர் பேப்பர் ஒட்டினாள். எதிரே வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை நிறுத்தினாள். மெருகில் ஜன்னல் வெளிச்சம் பட்டு வெள்ளையாகத் திட்டு விழுந்தது. மூக்குக் கண்ணாடிக்குச் செய்த வைத்தியம்தான் இதற்கும். பொத்தானுக்கு அடியில் ஒரு பொட்டுக் களிமண் வைத்து ஒரு நூல் சாய்த்தாள், திட்டு ஓடிப்போனது. மற்ற கடைக்காரர்களின் படங்களை எல்லாம் பார்த்தாள். எல்லோரும் மரப்பலகை, காய்ந்த பூ, சணல் கயிறு என்று ஒரே மாதிரி அலங்காரம். "எல்லாம் ஒரே கல்யாணத்துக்கு வந்த மாதிரி நிக்குது" என்று ஒதுக்கிவிட்டு, கடையில் கிடைக்கும் கறுப்புச் சார்ட் பேப்பரை விரித்து, சட்டம் முழுவதும் ஒரே ஒரு பொத்தான் நிறைகிற மாதிரி எடுத்தாள். நெற்றி முதல் தாடை வரை, சுத்தமாக.

சோதனையும் ஒன்று வைத்திருந்தாள். கூடத்தின் அந்தக் கோடியில் போனை நிறுத்தி, சமையலறை வாசலில் கணவரை மூக்குக் கண்ணாடி இல்லாமல் நிற்கவைப்பாள்.

"என்னங்க, கண்ணுல படுதா?"

"படுதாவா? கண்ணைப் பறிக்குது!"

அது போதும் என்று ஏற்றிவிட்டார்கள். ஒரு வாரத்தில் கடை சூடு பிடித்தது. மாதம் நாலு பாக்கெட் போன இடத்தில் ஒரு நாளைக்கு நாலு போயிற்று, பிறகு பத்து. கறுப்பு நடுவில் ஜொலித்துக்கொண்டு நிற்கும் அந்த வட்டங்களைத் தாண்டி எந்தக் கட்டைவிரலும் போகவில்லை. வாண்டுவால் கம்பெனிக்கும் போய்ப் பொத்தானும் செய்து மாளவில்லை. அப்போது அக்காதான் வாயைத் திறந்தாள். "மூணு மாசம் சம்பளமில்லாத லீவு போடு. படத்துக்கு நான் பொறுப்பு. நீ செஞ்சுகிட்டே இரு, உன்னை அந்த வெள்ளைச் சதுரத்துக்குத் திருப்பி அனுப்ப மாட்டேன்."

கம்பெனி லீவு கொடுத்தது, ஒரு நிபந்தனையோடு. மூன்று மாதம் முடிகிற வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வேலைக்கு வந்து நிற்க வேண்டும், இல்லை என்றால் ராஜினாமாவை எழுதிக் கொடுக்க வேண்டும். போனால் வாரத்தில் ஆறு நாள் போய்விடும், கடையை மூட வேண்டியதுதான். அக்காவுக்கு அந்த வெள்ளிக்கிழமை பெரிய விஷயமாகவே தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமைக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது முதல் ஒற்றை நட்சத்திரம் வந்தது. ஒரு பல் டாக்டரம்மா எழுதியிருந்தார்: "காத்திருக்கும் அறைச் சுவரில் மாட்ட ஆறு தட்டு வாங்கினேன். ஆறு சட்டைப் பொத்தான் வந்திருக்கிறது."

மாடியில் வாண்டு அதைச் சத்தமாகப் படித்தாள். அண்ணன்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. "சுவர்த் தட்டாம்! நடுவுல ரெண்டு ஓட்டை இருக்கே, கண்ணு எங்க போச்சு?"

"ஆணியில மாட்டக் கம்பி கோக்குற ஓட்டைன்னு நினைச்சாங்களாம். அதையும் எழுதியிருக்காங்க அண்ணி."

"கீழ மில்லிமீட்டர் கணக்கு போட்டிருக்கோமே."

"யாரு படிக்கிறா?"

மறுநாள் இன்னொருவர். தண்ணீர் டம்ளருக்கு அடியில் வைக்கும் தட்டு என்று நினைத்தாராம். அதற்கு அடுத்த நாள் ஒருவர், பார்சலைத் திறந்ததும் உடைந்த தட்டின் துண்டுகள் என்று நினைத்துத் திருப்பியே அனுப்பிவிட்டார். வாண்டு வைத்த அந்தி, மழைமேகம் என்ற பெயர்களில் பொத்தான் என்ற சொல்லே கிடையாது. ஒவ்வொரு படத்துக்கும் கீழே நட்சத்திரம் தெரியும், அது குறையக் குறைய ஆர்டரும் குறைந்தது. பத்து, ஆறு, இரண்டு என்று இறங்கியது. ஒரு நாள் காலையில் வாண்டு கம்பெனிக்குப் போடும் கனத்த ஷூவை எடுத்து வெயிலில் காயவைத்திருந்தாள். அதைப் பார்த்த அக்கா போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

விட்டுவிடுகிற ஆளா அவள்? பல் டாக்டரம்மாவுக்குப் பணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஐந்து நிமிடம் பேச முடியுமா என்று கேட்டு எழுதினாள். அந்த அம்மாவே கூப்பிட்டார்.

"உங்க மேல கோபமில்லைங்க" என்றார் டாக்டரம்மா. "படம் பிரமாதம். நான் அதைப் பார்த்துதான் ஏமாந்தேன்."

"எதை வச்சு தட்டுன்னு முடிவு பண்ணீங்க டாக்டர்? தயவுசெஞ்சு சொல்லுங்க, தப்பா நினைச்சுக்க மாட்டேன்."

"சின்னதுன்னு நினைக்க அதுல என்ன இருந்துச்சு, நீங்களே சொல்லுங்க."

அக்கா போனை வைத்துவிட்டுப் பீரோவைத் திறந்தாள். பழைய வேலையின் மாதிரித் தாள்கள் அங்கே ஒரு கவரில் இருந்தன. ஒரு தாளில் முப்பத்திரண்டு முகம். முப்பத்திரண்டும் சட்டத்தை நிறைத்துக்கொண்டு நின்றன. அவளுக்கு விஷயம் பளிச்சென்று விளங்கியது. இருபத்திரண்டு வருடத்தில் ஒருவர்கூட இந்தத் தலை எவ்வளவு பெரிது என்று அவளைக் கேட்டதில்லை. மனிதத் தலை எவ்வளவு பெரிது என்று பார்க்கிற எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் எல்லோருடைய கழுத்துக்கு மேலும் ஒன்று இருக்கிறது. பொத்தானுக்கு அந்த வசதி இல்லை. முகத்துக்குச் செய்ததை அவள் அப்படியே பொத்தானுக்குச் செய்துவிட்டாள். கணவரிடம் கேட்டதுகூடத் தப்பான கேள்வி. கண்ணில் படுகிறதா என்று கேட்டாளே தவிர, என்ன தெரிகிறது என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

அழுகை வந்தது. அழவும் செய்தாள், இரண்டு நிமிடம் போல. தன் கர்வத்தினால் வாண்டு மறுபடியும் வெள்ளைச் சதுரத்துக்கு மெருகு பூசப் போகிறாள் என்கிற நினைப்பு அவளைச் சுட்டது. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு மாடியேறினாள்.

"வாண்டு, தப்பு என்னோடதுதான். பொத்தான்ல ஒரு குறையும் இல்ல. எனக்குப் பத்து நாள் கொடு."

"வெள்ளிக்கிழமைக்கு ஒன்பது நாள்தான் இருக்கு அண்ணி."

"அப்ப ஒன்பது நாள் கொடு."

அந்த ஒன்பது நாளில் அந்த ஜன்னல் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. முதலில் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒரு காசு வைத்தாள். வாங்குகிறவர்கள் பத்து நாட்டில் இருந்தார்கள், அந்தக் காசு பெரிதா சிறிதா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஸ்கேல் வைத்தாள். போலீஸ் ஸ்டேஷனில் சாட்சிப் பொருள் வைத்த மாதிரி இருந்தது. வாண்டுவின் உள்ளங்கையில் வைத்து எடுத்தாள். பெரிய திரையில் நன்றாகத்தான் இருந்தது. நகத்தளவாக்கிப் பார்த்தால் கை மட்டும்தான் தெரிந்தது, அதன் நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி. சமையலறை வாசலில் நின்ற கணவர், "யாருக்கு அடிபட்டுச்சு?" என்று பதறினார்.

"நீங்க கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் போங்க" என்று அக்கா எரிந்து விழுந்தாள். ஆனால் அவர் சொன்னது சரி என்று அவளுக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலை. துவைத்து மடித்த துணிகளை அக்கா பீரோவில் அடுக்கிக்கொண்டிருந்தாள். கடைசியாகக் கணவரின் யூனிஃபார்ம் சட்டை. கருநீலம், கெட்டித் துணி, பளபளப்பே இல்லாதது. பொத்தான் போட்டு மடிக்கலாம் என்று கை வைத்தவள், பாதி காஜாவுக்குள்ளும் பாதி வெளியிலுமாகப் பொத்தானைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள். காஜா எவ்வளவு நீளம் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. உலகத்தில் எந்த மூலையில் இருந்தாலும், காலையில் எழுந்து ஒவ்வொருவரும் விரலால் அதைத் தடவித் திறந்து மூடுகிறார்கள்.

கத்தரிக்கோலை எடுத்தாள். அடுத்த நிமிடம் சட்டையின் இரண்டு பிளாஸ்டிக் பொத்தான்கள் தரையில் உருண்டன. அந்த இடத்தில் அந்தி நிறப் பொத்தான் இரண்டைத் தைத்தாள். சட்டையை ஜன்னலுக்கடியில் கொஞ்சம் சாய்வாக விரித்து, மேல் பொத்தானைக் காஜாவில் பாதி நுழைத்து விட்டாள். சட்டத்தை நிறைக்கும் பழைய பழக்கம் கையை இழுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு அடி பின்னால் போனாள். கருநீலத்தின் மேல் ஆரஞ்சும் சிவப்பும் எரிய, காஜாவின் தையல் தெளிவாகத் தெரிய, ஒரு சொடுக்கு.

கணவரைக் கூப்பிட்டாள். சமையலறை வாசல், கண்ணாடி இல்லாமல்.

"என்ன தெரியுது?"

அவர் கண்ணைச் சுருக்கினார். "சட்டை."

"சட்டையில?"

"பொத்தான். ஆரஞ்சு பொத்தான்." கொஞ்ச நேரம் பார்த்தார். "அடிப்பாவி! அது என் யூனிஃபார்ம்!"

அக்கா அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளாத குறை. பிரித்து மறுபடி தைக்க அவருக்கு நேரமில்லை. அன்றைக்கு அவர் நெஞ்சில் இரண்டு அந்தியோடுதான் லிஃப்ட் ரிப்பேருக்குப் போனார். கூட வேலை செய்கிறவர்கள் பதவி உயர்வா என்று கேட்டார்களாம்.

மதியத்துக்குள் எல்லா நிறத்தையும் அப்படியே எடுத்து ஏற்றினார்கள். ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் பொத்தான் என்று சேர்த்தார்கள். அந்திப் பொத்தான், மழைமேகப் பொத்தான். புதன்கிழமை கடைக்குள் வந்து பார்த்தவர்கள் பாதிக்குப் பாதி குறைந்திருந்தார்கள். தட்டு தேடியவர்கள் யாரும் தொடவில்லை. வாண்டு எண்களைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தாள்.

"கூட்டம் போயிடுச்சு அண்ணி."

"போகட்டும். தட்டு கேக்குறவங்க தட்டுக் கடைக்குப் போகட்டும். நமக்குச் சட்டை போடுறவங்க போதும்."

சொன்னாளே தவிர, அவளுக்கும் உள்ளுக்குள் படபடப்புதான். புதன்கிழமை மூன்று ஆர்டர். வியாழக்கிழமை ஐந்து. அது வேலையை விடப் போதுமா என்று கேட்டால், அடித்துச் சொல்ல அவளிடம் ஒன்றும் இல்லை. அந்தப் பேச்சை வாண்டுவும் எடுக்கவில்லை, அக்காவும் எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை வாண்டு கனத்த ஷூவை மாட்டிக்கொண்டு கீழே வந்தாள். அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. அக்காவும் புடவையை மாற்றிக்கொண்டு தயாராக நின்றாள்.

"நீங்க எதுக்கு அண்ணி?"

"சும்மாதான். கேட் வரைக்கும் வரேன்."

உன்னைத் திருப்பி அனுப்ப மாட்டேன் என்று வாய் விட்டவளுக்கு, அனுப்புகிற அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்திருக்க மனம் வரவில்லை. இருவரும் பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போனார்கள். கம்பெனி கேட்டுக்கு இரண்டு நிறுத்தம் முன்னால் வாண்டுவின் போன் சிணுங்கியது. கடையின் செய்திப் பெட்டி. வாண்டு படித்தாள், மறுபடியும் படித்தாள், போனை அக்காவிடம் கொடுத்தாள்.

யாரோ ஒரு தையல்காரர் எழுதியிருந்தார்: "ஆழ்கடல் பொத்தான் எட்டு பாக்கெட் வேண்டும். உங்களிடம் பாக்கெட்டுக்கு ஆறுதான் இருக்கிறது. ஒரு சட்டைக்கு ஏழு வேண்டுமே. ஏழு ஏழாகக் கிடைக்குமா?"

வாண்டுவின் சூளைத் தட்டில் ஒரு வரிசைக்கு ஆறு பொத்தான்தான் பிடிக்கும். அதனால்தான் பாக்கெட்டுக்கு ஆறு என்று வைத்திருந்தாள். இத்தனை நாளில் அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை. சுவரில் மாட்டுகிறவருக்கு ஆறு சரியாகத்தான் இருக்கும். டம்ளருக்கு அடியில் வைக்கிறவருக்கும் ஆறு சரிதான். ஏழாவது வேண்டும் என்று, சட்டையை நினைத்துக்கொண்டு பார்க்கிறவர்தான் கேட்பார்.

"பொத்தான்னு தெரிஞ்சு கேக்குறாங்க அண்ணி" என்றாள் வாண்டு.

"ஆமாம்மா." அக்கா அந்தச் செய்தியை மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

கேட்டுக்குள் போய் இருவரும் அலுவலக அறையில் நின்றார்கள். சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார், பத்துக்கு ஐந்து நிமிடம் இருந்தது. "வந்துட்டியாம்மா, நல்லது. மூணாவது லைன்ல நில்லு" என்றார்.

"ராஜினாமா படிவம் வேணும் சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். வாண்டுவையும், அவளுக்குப் பின்னால் நின்ற அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இழுப்பறையிலிருந்து படிவத்தை எடுத்துக் கொடுத்தார். வாண்டு நின்றுகொண்டே நிரப்பினாள். பெயர், பிரிவு, பணியாண்டுகள். காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். இது அவள் எழுத வேண்டியது என்று அக்கா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். வாண்டு ஒரே மூச்சில் எழுதி, கையெழுத்துப் போட்டு, படிவத்தைத் திருப்பி வைத்தாள்.

சூப்பர்வைசர் மேலிருந்து படித்துக்கொண்டே வந்தார். அந்தக் கட்டத்தில் கண் நின்றது. வாய்விட்டே படித்தார்: "ஒரு சட்டைக்கு ஏழு பொத்தான் வேண்டும்."

"இது என்னம்மா காரணம்?"

"அதுதான் சார் காரணம்."

அவர் இன்னொரு தடவை படித்தார். பிறகு குனிந்து, கழுத்திலிருந்து ஆரம்பித்து, தன் சட்டைப் பொத்தானை விரலால் தொட்டுத் தொட்டு எண்ண ஆரம்பித்தார்.